தங்கம் பார்த்த பக்கம்

என் தங்கை ஒரு காலத்தில் ரயில்களை ஓட்டிக்கொண்டிருந்தாள். டிரைவராக அல்ல, வாயால். ஸ்டேஷனில் அறிவிப்பாளர் வேலை. மூன்றாவது பிளாட்பாரத்து வண்டி இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும் என்று அவள் மைக்கில் சொல்லிவிட்டால், அந்த டிரைவர் கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். நான்காவது பிளாட்பாரத்து வண்டிகூடப் பயந்துபோய் அரை அடி நகர்ந்துவிடும். கரண்ட் போன நாட்களில் மைக் இல்லாமலேயே எட்டு பிளாட்பாரத்துக்கும் பேசினாள் என்று நான் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. சரி, ஆறு பிளாட்பாரம். அதற்குக் கீழே இறங்க மாட்டேன். ஸ்டேஷனில் அவளுக்குப் பெயர் சைரன்.

நான் செய்தது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு செய்கிற வேலை. பகலெல்லாம் வாயைக் கட்டிப்போட்டிருந்ததை மாலையில் வீட்டுக்கு வந்துதான் அவிழ்ப்பேன். "அண்ணா, நீ சொல்றதுல பாதிய கழிச்சு, மிச்சத்துல பாதிய கழிச்சா வர்றதுதான் நடந்தது" என்பாள் தங்கை. அப்படிக் கழித்துக் கழித்து அவள் கணக்கில் புலியானாள்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மூளைக்குள் பேசும் மின்சாரத்தை ஒட்டுக்கேட்கும் கருவிகள் செய்யும் ஆய்வுக்கூடம் எங்களுடையது. முன்பெல்லாம் இதற்கு விறைப்பான ஊசிகள்தான். மூளையோ வெந்த முட்டையின் வெள்ளைக்கருவை விடக் குழைவானது. அதுவும் சும்மா இருக்காது. நாடி ஒருமுறை துடித்தால் அதுவும் ஒருமுறை ஏறி இறங்கும். அதற்குள் ஊசியை நிறுத்தினால் செருப்புக்குள் கல் கிடக்கிற கதைதான். நாள்பட உரசி உரசிப் புண்ணாகி, தழும்பு மூடி, ஊசி செவிடாகிவிடும். அதனால் நாங்கள் ஊசியை விட்டுவிட்டு மெல்லிய ஏட்டுக்கு வந்தோம். சிலிக்கோன் ரப்பரில் ஓர் ஏடு. கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. உள்ளே முடியை விட மெல்லிய தங்கக் கோடுகள். ஒரு பக்கத்தில் மட்டும் அறுபத்து நான்கு குட்டித் துளைகள், அவற்றின் வழியே தங்கம் எட்டிப் பார்க்கும். அந்தப் பக்கத்தை மூளைமேல் படியும்படி வைத்தால், மூளை எங்கே வளைகிறதோ அங்கே ஏடும் வளையும். நான் செய்த ஏட்டை ஒருமுறை ஈயின் முதுகில் போட்டோம். ஈ கவனிக்காமல் பறந்துபோய்விட்டது. அதைத் தேடி மூன்று நாள் அலைந்தோம். இதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஒரு காலையில் தங்கை பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளைத் தண்டில் அடைப்பு. பிழைத்தாள். அறிவு பழைய அறிவுதான், காது பழைய காதுதான். ஆனால் கை, கால், கழுத்து, நாக்கு எதுவும் அவள் சொன்னபடி கேட்கவில்லை. கண் மட்டும் மேலும் கீழும் போகும், இமை மூடும். மேலே பார்த்தால் ஆமாம். மூடினால் இல்லை.

அவளுக்கு ஒரே மகள், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். அம்மாவின் கண்ணை வைத்தே பேசுவதற்கு ஒரு அட்டை செய்தாள். இருபத்தாறு எழுத்துக்காரர்களுக்கு அது சுலபம். நமக்கு இருநூற்று நாற்பத்தேழு! மெய்யெழுத்துகளை மூன்று வரிசையாகப் போட்டு, முதலில் வரிசை, பிறகு எழுத்து, பிறகு அது எந்த உயிரோடு சேர்கிறது என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போவாள். சரியானதைத் தொடும்போது அம்மா மேலே பார்க்க வேண்டும். "தண்ணி" என்று கேட்டு முடிப்பதற்குள் எனக்கே தாகம் வந்துவிடும். எட்டு பிளாட்பாரத்துக்குப் பேசியவள் ஒரு வார்த்தைக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். கூடவே வியர்வை. அதனால் கொஞ்ச நாளில் தேவையானதை மட்டும் கேட்கத் தொடங்கினாள். வலி, ஜன்னல், திருப்பு.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கூடமும் மருத்துவமனையும் சேர்ந்து ஒரு சோதனைக்கு அனுமதி வாங்கின. பேச முடியாதவரின் மூளையில், பேச்சு உருவாகிற இடத்தின்மேல் ஏட்டை வைப்பது. அவர் பேச முயலும்போது எழும் மின்சாரத்தைக் கம்ப்யூட்டர் படித்துக் குரலாக்கும். டாக்டர்கள் தங்கையைப் பார்த்தார்கள், பொருத்தமானவள் என்றார்கள். அவளிடம் கேட்டார்கள். கேள்வி முடிவதற்கு முன்பே கண் மேலே போய்விட்டது.

ஏட்டை நான்தான் செய்வேன் என்று நின்றேன். நான் ஓய்வு பெற இன்னும் மூன்று வாரம். எங்கள் தலைவிக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வைத்திருந்தோம், அரை மில்லிமீட்டருக்கெல்லாம் சண்டைக்கு வருவார்.

"சார், சொந்தக்காரங்களுக்கு நாமளே செய்யக்கூடாதுன்னு விதி எழுதினதே நீங்கதான்," என்றார்.

"எழுதினவனுக்கு அழிக்கத் தெரியாதா?"

"கை நடுங்கும் சார்."

"என் கையா? போன வாரம் பூகம்பம் வந்தப்போ கட்டடமே ஆடிச்சு. என் கை ஆடுச்சா?"

"போன வாரம் பூகம்பமே வரலையே."

"அதான் சொல்றேன். என் கையைப் பாத்துட்டு அதுவே வேணாம்னு போயிடுச்சு."

சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார். வாழ்க்கையில் என் பேச்சால் நான் சாதித்த ஒரே பெரிய காரியம் அது.

வழக்கமான கனத்தில் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதில் பாதிக் கனத்தில் ஒரு புது வகை அப்போதுதான் எல்லாச் சோதனையும் முடித்து அனுமதி பெற்றிருந்தது. என் தங்கையின் தலைக்குள் போகிறது, அவளுக்கு அது இருப்பதே தெரியக்கூடாது, அதைத்தான் செய்வேன் என்றேன். ஒரு கண்ணாடித் தட்டில் ஒரே ஷீட்டாக இரண்டு ஏடு வார்த்தேன். ஒன்று அவளுக்கு, இன்னொன்று மாற்று. பிறகு தட்டைத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். ஷீட், தங்கம் மேலே பார்க்க, மெதுவாகத் தட்டை விட்டு எழுந்து மிதக்கும். அதைத் தட்டிலேயே ஏந்தியெடுத்து, இரண்டாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் வலது மேல்மூலையைச் சிறிதாக வெட்டிவிட வேண்டும். ஏடு கண்ணாடி மாதிரி, முன்னும் பின்னும் ஒரே தோற்றம். அந்த வெட்டுத்தான் அடையாளம். வெட்டு வலப்பக்கம் தெரிந்தால் தங்கம் நம்மைப் பார்க்கிறது. இடப்பக்கம் தெரிந்தால் தங்கம் அந்தப் பக்கம். அறுவை சிகிச்சையில் டாக்டர் இடப்பக்கம் தெரியும்படி வைப்பார்.

பாதிக் கனத்து ஷீட் தண்ணீரில் எழுந்ததும் வெயிலில் போட்ட காகிதம் மாதிரிச் சுருண்டுகொண்டது. தூரிகையால் தடவித் தடவி, செல்லம் கொஞ்சி, கால் மணி நேரத்தில் விரித்தேன். ஒரு சுருக்கம் இல்லை. ஏந்தியெடுத்தேன், நறுக்கினேன், வலது மேல்மூலையை வெட்டினேன். முப்பத்தோரு வருஷமாக வெட்டுகிற மூலை. யோசிக்க என்ன இருக்கிறது? மைக்ரோஸ்கோப்பில் கோடுகளைப் பார்த்தார்கள், ஒரு கோடும் அறுந்திருக்கவில்லை. உப்புத் தண்ணீரில் முக்கி மின்சாரம் பார்த்தார்கள், அறுபத்து நான்கும் பேசின. அறுபத்து நான்குக்கு அறுபத்து நான்கு அதற்கு முன் எங்கள் கூடத்தில் வந்ததே இல்லை. கை தட்டினார்கள். எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆறு மணி நேர அறுவை சிகிச்சையைத் தங்கை தாங்கினாள். மூன்று வாரம் ஆறவிட்டு, பயிற்சி தொடங்கியது.

வாரத்தில் ஐந்து நாள். கம்ப்யூட்டர்காரர் ஒரு வழுக்கைத் தலை மனிதர். ஹெட்போனைக் கழற்றியதே இல்லை, அதுதான் அவருடைய தலைமுடி என்று நான் சொல்வதுண்டு. அவர் திரையில் ஒரு வாக்கியத்தைப் போடுவார். "எனக்குத் தண்ணீர் வேண்டும்." தங்கை அதை மனதுக்குள் அல்ல, உண்மையாகவே வாயால் சொல்ல முயல வேண்டும். நாக்கு அசையாது, ஆனால் மூளை கட்டளையை அனுப்பும், ஏடு அதைக் கேட்கும். ஒன்றரை மணி நேரம் இப்படி. கடைசி அரை மணி நேரம் அவள் இஷ்டம். "இப்ப நீங்க என்ன சொல்லணும்னு நினைக்கிறீங்களோ சொல்லுங்கம்மா, எல்லாம் பதிவாகும், பின்னாடி கம்ப்யூட்டர் நல்லாப் படிச்சதும் எடுத்துத் தர்றேன்" என்று ஹெட்போன் சொன்னார். அந்த அரை மணி நேரம் அவள் முகத்தில் எதுவும் அசையாது. ஆனால் நெற்றி நரம்பு புடைத்திருக்கும், கண் எங்களில் ஒருவர்மேல் நிலைத்திருக்கும். சில நாள் மகள்மேல். சில நாள் என்மேல். நான் விளையாட்டாக, "திட்டுறியா? திட்டு, திட்டு, கம்ப்யூட்டர் சொல்லிடும்" என்பேன்.

கம்ப்யூட்டர் சொல்லவில்லை. முதல் வாரம் குப்பை. மூன்றாம் வாரமும் குப்பை. ஆனால் முழுக்கக் குப்பை என்றும் சொல்ல முடியாது, அதுதான் கொடுமை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது போல ஏதோ ஒன்று நிழலாக வந்துகொண்டிருந்தது. "வருது, ஏதோ வருது" என்பார் ஹெட்போன். மறுநாள் போய்விடும். ஐந்தாம் வாரம் அவர் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"சார், ஏட்டுல குறையே இல்ல. அறுபத்து நாலும் உயிரோட இருக்கு."

"பின்ன? செஞ்சது யாரு?" என்றேன்.

"அப்ப ரெண்டே காரணம்தான் சார். ஒண்ணு, அந்த அடைப்புல பேச்சு இடமே கெட்டிருக்கணும். இல்லேன்னா அவங்க முயற்சி பண்றதில்ல."

இதை அவர் கதவுக்கு வெளியே நின்று சொன்னார். தங்கையின் காது பழைய காது என்று முன்பே சொன்னேன்.

ஆறாம் வாரம் மகள் பொறுமை இழந்தாள். பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு வருகிறவள். "அம்மா, நீ கொஞ்சம் கூட முயற்சி பண்ண மாட்டேங்கிற. எங்களுக்காகவாவது பண்ணேன்! சும்மா என்னையே பாத்துக்கிட்டு இருந்தா ஆச்சா?" என்று கத்திவிட்டாள். தங்கை கண்ணை மூடவும் இல்லை, மேலே பார்க்கவும் இல்லை. அன்று ஒன்றரை மணி நேரமும் நெற்றி நரம்பு இறங்கவே இல்லை. நான் அங்கே இருந்தேன். "அவளுக்குச் சின்ன வயசுலேந்தே பிடிவாதம்" என்று ஒரு ஜோக்கும் சொன்னேன்.

எட்டாம் வாரம் நெஞ்சில் சளி கட்டி, நுரையீரல் பழுது. பயிற்சியை ஒரு நாளும் நிறுத்த விடவில்லை. நிறுத்தலாமா என்று கேட்டால் இமை இறுக மூடியது. ஒன்பதாம் வாரம் முடிந்தபோது மூச்சுக்குழாய் வைத்தார்கள், ஹெட்போன் தன் பெட்டிகளைக் கட்டினார்.

நான் என் அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க ஆய்வுக்கூடம் போனேன். போன இடத்தில் மாற்று ஏட்டைப் பார்க்க ஆசை வந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். எவ்வளவு அழகு! பெற்றவன் மாதிரிப் பூரித்துப்போனேன். ஒரு பழைய விளையாட்டு உண்டு. ஏட்டை உலர்ந்த கண்ணாடியில், வெட்டு வலப்பக்கம் தெரிகிற மாதிரிப் போட்டு, மேலே மட்டும் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டு, அதை மீட்டர் முனையால் தொட்டால் முள் துள்ளும். தங்கம் நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பதாகச் சொல்வோம். விட்டேன். தொட்டேன். முள் அசையவில்லை. மீட்டரைத் தட்டினேன். வேறு மீட்டர் கொண்டுவந்தேன். அசையவில்லை. பிறகு ஏட்டைப் புரட்டிப் போட்டேன். வெட்டு இடப்பக்கம் போனது. ஒரு சொட்டு விட்டேன். முள் துள்ளியது.

தண்ணீரில் சுருண்டதை நான் கொஞ்சிக் கொஞ்சி விரித்தபோது ஷீட் கவிழ்ந்திருக்கிறது, அது தெரியாமல் பின்பக்கத்தைப் பார்த்து மூலையை வெட்டியிருக்கிறேன். கனமான ஏடாக இருந்தால் துளைகளின் விளிம்பு விளக்கில் மினுக்கிக் காட்டிக்கொடுத்திருக்கும். பாதிக் கனத்தில் மினுக்கல் இல்லை. மைக்ரோஸ்கோப்பில் கோடு எந்தப் பக்கமிருந்தும் கோடுதான். உப்புத் தண்ணீரில் முழுசாக முக்கினால் தண்ணீர் இரண்டு பக்கமும் இருக்கிறது, அறுபத்து நான்கும் பேசத்தான் செய்யும். இரண்டும் ஒரே ஷீட். டாக்டர் வெட்டு இடப்பக்கம் தெரிகிற மாதிரிச் சரியாக வைத்திருக்கிறார். தங்கம் மூளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மண்டையோட்டைப் பார்த்தபடி ஒன்பது வாரம் கேட்டிருக்கிறது.

அறுவை டாக்டரம்மாவிடம் போனேன். வார்டு முழுக்க என் கதைகள் பிரசித்தம். "டாக்டரம்மா, நான் அவ தலையில தப்பா வச்சுட்டேன்" என்று உளறியதும் சிரித்தார். "வச்சது நான். நீங்க எங்க வந்தீங்க? இன்னிக்கு என்ன கதை?" நான் மீட்டரையும் ஏட்டையும் மேசைமேல் வைத்து ஒரு சொட்டு விட்டேன். இரண்டாம் முறை புரட்டும்போது அவர் சிரிப்பு போய்விட்டது. மூன்றாம் முறை அவரே புரட்டிப் பார்த்தார்.

"திரும்பத் திறந்து மாத்திடலாமா?" என்றேன்.

"இந்த நுரையீரலோடயா? மயக்க மருந்து கொடுத்தா எழுந்திருக்க மாட்டாங்க. ஒரு தடவைதான் தாங்கினாங்க சார்."

"அப்ப அத வெளியிலயாவது எடுத்துட..."

"வேண்டியதில்ல. அங்க இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது. சின்ன வீக்கம்கூட இல்ல. அவ்வளவு மெத்துன்னு செஞ்சிருக்கீங்க."

பதிவானதை வைத்து ஏதாவது மீட்க முடியுமா என்று ஹெட்போனைக் கேட்டேன். அவர் முதன்முறையாக ஹெட்போனைக் கழற்றினார். நிழலிலிருந்து வார்த்தையைச் செய்ய முடியாது என்றார். தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள், ஒன்பது வாரம். இருபத்திரண்டரை மணி நேரம் என்று அவரே கணக்குச் சொன்னார். அன்று கதவுக்கு வெளியே சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கும் பாவனையில் என் தோளைத் தொட்டார். தள்ளிவிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய வரிசையில் அவருக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் முற்பகல் தங்கையின் கட்டிலருகில் போய் உட்கார்ந்தேன். மகளும் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சுருண்டது, விரித்தது, வெட்டியது, ஒன்றும் கூட்டாமல். சொல்லி முடித்ததும் முதலில் பேசியவள் மகள்தான்.

"அப்ப அம்மா பேசினாளா?"

"பேசியிருக்கா. ஒழுங்கா, தினமும்."

"நான் திட்டினேனே மாமா." அவள் குரல் எழும்பவே இல்லை. "முயற்சியே பண்றதில்லன்னு கத்தினேனே. நீங்களும் பக்கத்துல நின்னு சிரிச்சீங்களே."

தங்கையின் கண் அட்டைப் பக்கம் இறங்கியது. மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அட்டையை எடுத்தாள். விரல் ஒவ்வொரு வரிசையாகப் போனது. கால் மணி நேரம். நா. ன். ச. ரி. யா.

"நான் சரியா..." மகள் தடுமாறினாள். "நான் சரியாத்தான் பேசினேனான்னு கேக்கிறியாம்மா?"

கண் மேலே போனது. போய் அங்கேயே நின்றது.

ஒன்பது வாரமாக அவள் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன் மூளைதான் கெட்டுவிட்டது என்று. தான் சொல்வதாக நினைப்பதெல்லாம் வெறும் குப்பை என்று. உள்ளே ஒழுங்காகக் கேட்கிற தன் குரலையே சந்தேகப்பட்டுக்கொண்டு. "சரியாத்தான் பேசினே," என்றேன். "ஒரு எழுத்து தப்பில்ல. கேட்டதுதான் தப்பான பக்கம்." அவள் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுக்கு இறங்கியது. மகள் துடைத்தாள். திட்டுவதற்குத் தகுதியான ஒரே ஆளிடம் திட்டுவாங்கவும் எனக்கு வழியில்லை.

அதற்குப் பிறகு நான் தினமும் போனேன். மகள் என்னோடு பேசவில்லை. நாற்காலியை மட்டும் நகர்த்திப் போடுவாள். நான்கு நாள் கழித்து, மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"தினம் அரை மணி நேரம் எங்களப் பாத்துக்கிட்டே ஏதோ சொல்லிட்டிருந்தியே. அதுல கொஞ்சம் அட்டையில சொல்லேன். ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை போதும். எவ்வளவு நாளானாலும் நாங்க உக்காந்து எழுதிக்கிறோம்."

மகளும் அதைக் கேட்கத்தான் காத்திருந்திருக்கிறாள். நான் சொல்லி முடிப்பதற்குள் அட்டையோடு வந்து நின்றாள். தங்கை சிறிது நேரம் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு தொடங்கினாள். மூச்சுக்குழாய் இழுக்கும் ஓசைக்கு நடுவே மகள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டு வந்தாள், நான் நோட்டில் எழுதினேன்.

சொ. ல். லி. ட். டே. ன்.

மகள் அடுத்த எழுத்துக்காக விரலை முதல் வரிசைக்குக் கொண்டுபோனாள். கண் அசையவில்லை. இரண்டாம் வரிசை. மூன்றாம் வரிசை. அவ்வளவுதான்.

"சொல்லிட்டேன்," என்று மகள் வாசித்தாள். "எங்கிட்டயாம்மா?"

கண் மேலே போனது.

"மாமாகிட்டயும்?"

மேலே போனது.

அதற்கு மேல் கேட்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். கேட்டேன். "இன்னொரு தடவை சொல்லக்கூடாதா?"

அவள் இமையை மூடிக்கொண்டாள். அது இல்லை என்றா, களைப்பா என்று தெரியாமல், நானும் அவள் மகளும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அந்தக் கண் திறப்பதற்காகக் காத்திருந்தோம்.